செவ்வாய்க்கிழமை வரிசை

எங்கள் ஊர்ப் பக்கம் குடியை நிறுத்த வைக்கும் டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். குடிக்க வைக்கும் கடைகள் வாரம் முழுக்கத் திறந்திருக்கும். இதைச் சொன்ன பிறகு காரைக்காலைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்ப்பவளுக்கு வாய் சும்மா இருக்காது. கொஞ்சம் கோபமும் மிச்சம் இருக்கிறது.

நாங்கள் தமிழ்நாட்டுக்கு நடுவில் கிடக்கும் ஒரு சின்னத் துண்டு. எந்தப் பக்கம் போனாலும் சீக்கிரமே எல்லை வந்துவிடும். அந்தப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் சரக்கு மலிவு என்பதால், சோதனைச் சாவடியைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது கடைதான். அந்தப் பக்கத்து வண்டிகள் வாசலில் நெருக்கியடித்து நிற்கும். வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டு, நான் காரைக்கால் என்று சொன்னால், ஆண்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். திருநள்ளாறு எவ்வளவு தூரம் என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பேன். கேட்க மாட்டார்கள்.

அண்ணன் மின்துறையில் லைன்மேன். நெடுங்காடு, குரும்பகரம் பக்கம் காற்றிலும் மழையிலும் கம்பி அறுந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் கம்பத்தில் ஏறும் வேகத்தைத் தென்னை ஏறுகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். குடி எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. உடம்பு வலிக்குக் கொஞ்சம், மழையில் நனைந்தால் கொஞ்சம் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஆரம்பிக்கும். வீட்டுக்கு வரும்போது வாயில் கிராம்பு போட்டு மென்றுகொண்டே வருவான். அண்ணி ஒன்றும் கேட்க மாட்டார். அடுப்படியில் இருக்கும் கிராம்பு டப்பாவைத் திறந்து பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலையில் கம்பத்தில் பாதி தூரம் போனவன், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். கூட இருந்தவர்கள் ஏணி போட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். குடித்துவிட்டு ஏறினான் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மை வேறு. அன்றைக்கு அவன் குடித்திருக்கவில்லை. முதல் நாள்தான் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். சத்தியத்தைக் காப்பாற்றினான், அதனால் நடுக்கம் கண்டுவிட்டது. குடித்தாலும் விழுவான், நிறுத்தினாலும் விழுவான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆபீசில் அவனைக் கம்பத்திலிருந்து எடுத்து, புகார் சொல்லும் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை என்றதும் அண்ணிக்கு முகம் மாறியது.

"மொத மொதல்ல ஒரு நல்ல காரியத்துக்குப் போறோம். செவ்வாய்க்கிழமையா போறது? புதன்கிழமை பாக்க மாட்டாங்களா?"

"அண்ணி, டாக்டரு நமக்காக நாள் பார்த்தா வர முடியும்?"

"வர்ற வாரம் பாத்துக்கலாமே."

வரும் வாரமும் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் அப்படித்தான். ஒரு நாள் பல் தேய்க்கும்போது ரத்தமாக வாந்தி எடுத்தான். அதன் பிறகுதான் நாள் கிழமை எல்லாம் பறந்து போனது.

ஆஸ்பத்திரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையை நான் மறக்க மாட்டேன். ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் சுவரோடு நின்றார்கள். மண்டபத்தூரிலிருந்து மகனைக் கூட்டி வந்த ஓர் அம்மா, கையில் ஜெபமாலையோடு டவுனிலிருந்து வந்த ஒரு பெண், நான், அண்ணி. ஆண்களுக்கு ஒருவரை ஒருவர் கடையில் வைத்துத் தெரியும். "நீங்களுமா, வாங்க வாங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பெண்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் மட்டும் எல்லாரையும் பார்த்தேன். எனக்கு என்ன வெட்கம்?

டாக்டருக்கு வயது குறைவு, களைப்பு நிறைய. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அண்ணனைத் திட்டவில்லை. "இது கெட்ட பழக்கம் இல்லம்மா, நோய். உள்ள சேத்து, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். சத்தியம் பண்ணி நிறுத்துனா ஃபிட்ஸ் வந்துரும்" என்றார். இதை எங்களிடம் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கயிறு கட்டச் சொன்னார்கள், மாலை போடச் சொன்னார்கள், ஒரு மூலிகைக்காரர் பொடி கொடுத்து சாம்பாரில் கலக்கச் சொன்னார். நோய் என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

வார்டில் முதல் சில நாட்கள் அண்ணன் எங்களோடு இல்லை. படுத்தபடியே கைகளை மேலே தூக்கி, காற்றில் கம்பி இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தான். "லைனை ஆஃப் பண்ணுங்கடா, ஆளு மேல இருக்கேன்" என்று கத்தினான். நான் தலைமாட்டில் நின்று, "ஆஃப் பண்ணியாச்சு அண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் கண் விழித்து, பசிக்கிறது என்றான். அண்ணி அழுதார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். தினமும் காலையில் ஒரு மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு அடைத்து, மூச்சு வாங்கி, ஆளைக் கீழே தள்ளிவிடும். அதனால் அவனுக்குத் தெரிந்தே, அவன் சம்மதத்தோடு, அண்ணி கையால் கொடுக்க வேண்டும். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் நிற்கும். கடைப் பக்கம் போகக் கூடாது, குடிக்கிறவர்களோடு உட்காரக் கூடாது, யாருக்காகவும் பாட்டிலைக் கையில் எடுக்கக் கூடாது. "லிவர் இன்னும் திரும்பி வர்ற நிலைமையிலதான் இருக்கு. இன்னொரு தடவை ஆரம்பிச்சா, என்னால முடியும்னு சொல்ல மாட்டேன்" என்றார். அண்ணன் தலையாட்டினான். நானும் அதை மனத்தில் எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த மாதங்கள் எங்கள் வீட்டின் நல்ல மாதங்கள். ஆபீசிலிருந்து வரும் வழியில் கடைகள் இருப்பதால், அண்ணன் வாய்க்கால் கரையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு வந்தான். தண்ணீர் வந்த காலத்தில் அந்தக் கரை சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். "லைன்மேன் காத்து வாங்கப் போறாரு" என்று ஊரில் கிண்டல். மாலையில் பன்னீர் சோடா குடிப்பான், ஜாங்கிரி தின்பான், எடை கூடியது. கிராம்பு டப்பா நிறைந்தே இருந்தது. காலையில் அண்ணி மாத்திரையை நீட்டுவார், அவன் விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவான், மகள் சிரிப்பாள். எனக்கு அதைப் பார்க்கவே காலையில் அந்தப் பக்கம் போகத் தோன்றும்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் மது ஒழிப்பு ஊர்வலம் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பிள்ளைகளுக்குப் பதாகை எழுதிக் கொடுத்து, வெயிலில் நடத்திக்கொண்டு போனேன். கடை வாசலில் நின்றவர்கள் வண்டிகளை நகர்த்தி, மரியாதையாக வழி விட்டார்கள். ஒருவர் கையில் கிளாசோடு எனக்கு வணக்கம் வைத்தார், என்னிடம் படித்தவராம். ஊர்வலம் போனதும் வண்டிகள் பழைய இடத்துக்கு வந்தன. இதற்கு மேல் சமுதாயத்தைத் திருத்த எனக்குத் தெம்பில்லை. ஓர் ஆளைக் காப்பாற்றினால் போதும் என்று வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் அண்ணன் மகளுக்கு வரன் அமைந்தது. திருவாரூர்ப் பக்கம், கம்பெனி வேலை, நல்ல பையன், எந்தப் பழக்கமும் கிடையாது. நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றி முடித்ததும், பையனின் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"காரைக்கால்ல பொண்ணு எடுக்குறோம். எங்க ஆளுங்க ஆசையா வருவாங்க. பாத்துக் கவனிச்சுடுங்க சம்மந்தி."

எல்லோரும் சிரித்தார்கள். கவனிப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்பு அன்று மண்டபத்தின் பின்னால் ஓர் அறையை ஒதுக்கி, அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆண்களுக்குப் பெண் வீட்டார் பாட்டில்களோடு ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். பத்திரிகையில் போடாத சடங்கு அது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மன்னிப்பார்கள். காரைக்காலில் பெண் எடுத்தும் அந்த அறை இல்லை என்றால் வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

கல்யாண வேலைகளைப் பிரித்துக்கொள்ள எல்லோரும் உட்கார்ந்தோம். எங்கள் சித்தப்பாதான் குடும்பத்துக்குப் பெரியவர். மண்டபம் ஒருவருக்கு, சமையல் ஒருவருக்கு, பூ ஒருவருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் அண்ணனைப் பார்த்தார்.

"அந்த ரூம் விஷயத்த நீ பாத்துக்க."

நான் எழுந்துவிட்டேன். "டாக்டரு பாட்டிலையே தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு சித்தப்பா."

"குடிக்கத்தானேம்மா கூடாது? வாங்கக்கூடவா கூடாது? எது அசல், எது போலின்னு அவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

"நான் போயி கடை வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்? நாலு பேரு என்ன நெனைப்பான்?"

சித்தப்பா தினமும் குடிக்கிறவர். சரக்கு அவர் வீடு தேடி வரும், அவர் கடைக்குப் போனதே இல்லை. அதனால் அவர் மரியாதைப்பட்டவர். என் அண்ணன் குடிகாரன். எங்கள் ஊரில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

"ஏற்பாடே வேண்டாம்" என்றேன். "வர்றவங்களுக்குப் பன்னீர் சோடா குடுப்போம். பிடிக்காதவங்க போவட்டும்."

எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அண்ணன்தான், "விடு பாப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து அவனை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, நோயாளி மாதிரி பார்த்துக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தில் கிடைத்த ஒரே வேலை இதுதான். அதில் அவனுக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரத்தில் அவன் என் வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"ஒங்க அண்ணி இப்ப மாத்திரை குடுக்குறதில்ல, பாப்பா."

"கல்யாண வேலையில மறந்துட்டாங்களா?"

"மறக்கல. டப்பாவ பீரோவுல வச்சுப் பூட்டிட்டா."

நான் நேரே அண்ணியிடம் போனேன். அண்ணி அப்பளக் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் காதில் விழாமல் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

"ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்துனாத்தான் அது உடம்ப விட்டுப் போவும்னு டாக்டர் சொன்னார்ல? போன வாரமே நிறுத்திட்டேன். அன்னைக்கு அந்த ஆளுங்க யாராச்சும் கையப் புடிச்சு ஊத்திக் குடுத்துட்டா? இவரு குடிச்சுட்டு மணமேடையிலயே வுழுந்துட்டா, எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுமா? நீயே சொல்லு தங்கச்சி."

டாக்டர் சொன்னதை அண்ணி சரியாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இத்தனை வருஷம் கிராம்பு டப்பாவைப் பார்த்தே வாழ்ந்த மனுஷிக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? ஆனால் புருஷன் குடிக்காமல் இருக்கக் கொடுத்த மருந்தை, அவன் குடித்தால் பத்திரமாக இருக்கட்டும் என்று நிறுத்திய கொடுமை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் நடக்காது.

திரும்பி வந்து அண்ணனிடம், "நாளையிலேருந்து என் கையால தரேன், வந்து வாங்கிக்க" என்றேன்.

"வேண்டாம். அவளே முடிவு பண்ணிட்டா, நான் குடிப்பேன்னு." காலிச் சொம்பை என்னிடம் நீட்டினான். "மாத்திரையாலயா நான் குடிக்காம இருந்தேன்? காலையில அவ கைய நீட்டுவா பாரு, அதுக்காகத்தான் இருந்தேன்."

கெஞ்சினேன், திட்டினேன். எழுந்து போய்விட்டான்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மதியம் ஆட்டோவில் பெட்டிகள் வந்தன. மேலே வாழை இலைக் கட்டு போட்டு மூடியிருந்தது. அண்ணன்தான் இறக்கினான், அவன்தான் அறைக்குக் கொண்டு போனான். சாவியும் அவன் வேட்டி மடிப்பில்தான் இருந்தது. நான் அந்த அறை வாசலில் போய் நின்றேன். சித்தப்பா வந்து, "பொம்பளைங்க நிக்கிற எடமா இது? உள்ள மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்களக் கவனி" என்று அனுப்பிவிட்டார். அறைக்குள்ளிருந்து பையனின் பெரியப்பா குரல் கேட்டது. "சம்மந்தி ஒரு வாய் தொடாம நாங்க எப்புடிங்க குடிக்கிறது? மரியாதையா இருக்குமா?" அண்ணன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தத்தில், தாரை வார்க்க அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். தண்ணீர்ச் சொம்போடு நான் பின்னால் நின்றேன். அண்ணன் சொம்பை வாங்கத் திரும்பினான். கை நடுங்கவில்லை. பட்டு வேட்டி, சந்தனம், கண்ணில் தண்ணீர், எல்லாம் பெண்ணைப் பெற்றவனுக்கு இருக்க வேண்டியபடியே இருந்தன. வாயில் கிராம்பு மணத்தது. அண்ணி என்னைப் பார்த்தார். அவருக்கும் மணந்திருக்கிறது. மேளம் கொட்டினார்கள், எல்லோரும் அட்சதை போட்டார்கள், நானும் போட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் எந்தக் குறையும் சொல்லாமல் போனார்கள். அண்ணன் வாய்க்கால் கரையை விட்டுவிட்டு நேர் ரோட்டில் வர ஆரம்பித்தான். "ஒரு நாள்தானேன்னு நெனைச்சேன் பாப்பா" என்றான். டாக்டரிடம் போகலாம் என்றால், என்ன முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பது என்று மறுத்தான். குடிக்க வெட்கப்படாதவன் வைத்தியத்துக்கு வெட்கப்பட்டான். எங்கள் ஊரில் எல்லா ஆண்களுக்கும் வெட்கம் இந்த இடத்தில்தான் வரும்.

தலைதீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். காரைக்கால் மாமனார் மருமகனை வெறுங்கையோடு வரவேற்கலாமா? பலகாரத் தட்டோடு பாட்டிலும் வந்தது. மொட்டை மாடியில் பாய் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எந்தப் பழக்கமும் இல்லாத அந்தப் பையன் வேண்டாம் என்றுதான் சொன்னான். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். "மாமாகூட உக்காந்து ஒரு வாய் தொடாட்டி எனக்கென்ன மரியாதை மாப்பிள்ளை?" என்று அண்ணன் சொன்னான். மண்டபத்து அறையில் அவனிடம் சொன்ன அதே சொல். நான் மேலே போய்ப் பாட்டிலைப் பிடுங்கிக் கீழே போட்டு உடைத்தேன். தீபாவளி அன்றைக்கு இப்படியா என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை சங்கடப்படக் கூடாது என்று சித்தப்பா வேறு ஒன்று கொடுத்தனுப்பினார்.

பொங்கல் கழிந்து அண்ணன் கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. அப்போது அவனே, "செவ்வாய்க்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போ" என்றான். டாக்டர் முன்பு சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே சேர்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி விடுங்கள் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் சாவுக்குச் சரக்கு வாங்கக் கூடாது என்று வாசலில் நின்று கத்தினேன். பறை அடித்தவர்கள், பாடை கட்டியவர்கள், தூக்கியவர்கள் யாரும் என்னை எதிர்த்துப் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திருவாரூரிலிருந்து வந்த வேன் சுடுகாட்டிலிருந்து நேரே கடைக்குப் போனதை மறுநாள் சொன்னார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா எப்படித் திரும்புவது?

அதன் பிறகு மாப்பிள்ளை அடிக்கடி வந்தார். மாமியாரைப் பார்க்க, மாமனார் ஆபீஸ் விஷயமாக அலைய, வயலைப் பார்க்க என்று ஏதாவது காரணம் இருக்கும். பாசமான பிள்ளை என்று அண்ணி பெருமைப்பட்டார்.

முதல் வருஷத் திதி ஒரு திங்கட்கிழமை வந்தது. மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். படையல் முடிந்து, காக்காய்க்குச் சோறு வைத்து, எல்லோரும் சாப்பிட்டோம். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். நான் கிளம்பும்போது மகள் என் கையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனாள்.

"நாங்க நாளைக்கும் இருந்துட்டுத்தான் போறோம் அத்தை."

"இரேன். அவருக்கு லீவு இருக்கா?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். அதில் கிராம்பு இருந்தது. கொடியில் கிடந்த சட்டைப் பையிலிருந்து எடுத்தது.

"அந்த டாக்டரு இன்னும் செவ்வாய்க்கிழமைதானே வர்றாரு?"

அவளுக்கு நான் தலையாட்டினேன். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணிக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றார்.

"மொத மொதல்ல மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம்" என்றார். "செவ்வாய்க்கிழமையா போறது? வர்ற வாரம் பாத்துக்கலாமே."